அன்று ஆத்தா வந்தது என் மேல் இல்லை

படித்தது நிற்காது. இதுதான் என் கஷ்டம். பதினொரு வயதிலிருந்தே அப்படித்தான். காலையில் ஒரு பக்கத்தை இருபது முறை வாசிப்பேன். கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்தால் வரும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் காணாமல் போயிருக்கும். பாடம் மறந்தால் கூடப் பரவாயில்லை. சில நாள் அந்தப் பக்கத்தை வாசித்ததே மறந்திருக்கும்.

வகுப்பில் இன்னும் மோசம். டீச்சர் பொருளியலில் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். அடுத்து என் காதில் விழுவது வேறு எதற்கோ நடுவில் இருக்கும். அதற்குள் கரும்பலகை பாதி நிறைந்திருக்கும். என் நோட்டில் பேனா பாதி வார்த்தையில் நின்றிருக்கும். “எங்க பராக்குப் பாக்குத?” என்று சத்தம் வரும். நான் எங்கேயும் பார்க்கவில்லை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே நம்பிக்கை இல்லை.

விளக்கு பூஜைக்கு வருகிற அக்காமாரே, சித்திமாரே, என்னை உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிறவரின் மூத்த மகள் மாரீஸ்வரி. வெள்ளிக்கிழமை உங்களுக்கெல்லாம் திரி எடுத்துக் கொடுக்கிறவள். அம்மன் செய்ததை ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றபோது நான் வேண்டாம் என்றேன். என் கதையில் நோய் தீரவில்லை. என் வீட்டார் நல்லவர்களாகவும் தெரிய மாட்டார்கள். “நடந்தத எழுது, போதும்” என்றீர்கள். எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

பிளஸ் டூவில் மூன்று பாடத்தில் தோற்றேன். உடனே வந்த மறுதேர்விலும் இரண்டில் தோற்றேன். அப்பா மிட்டாய் வெட்டுகிற பலகை முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னார். “எருமைகிட்டச் சொன்னாக்கூட ஏறும். ஒம் மண்டைல ஏறாது.” வேலைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் உள்ளே போனாள். அவளுக்கு என் மேல் இரக்கம் என்று நினைத்தேன். ஏமாளி நான்.

எங்கள் வீட்டில் எனக்கென்று தனிச் சட்டம் இருந்தது. பாகு காய்ச்சுகிற அடுப்பின் பக்கம் போகக் கூடாது. என்னைவிட ஆறு வயது சின்னவளான தங்கச்சி கவிதாவை டீ போடச் சொல்வார்கள். எனக்கு அடுப்படியே கிடையாது. கிணற்றடி கிடையாது. சைக்கிள் கிடையாது. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடக் கவிதாதான் போவாள். ஆறிப்போன மிட்டாயைப் பாக்கெட்டில் போடுகிற வேலை மட்டும் எனக்கு. எதற்கும் உதவாதவள் என்று தலையில் தண்ணீர் தெளித்து விட்டார்கள் என்றுதான் வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா ஒரு மாத்திரை தருவாள். பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். பெயர் போட்ட அட்டையை நான் பார்த்ததே இல்லை. “சத்து மாத்திரை. நீ சின்னதுல மயங்கி மயங்கி விழுந்த புள்ள” என்பாள். நானும் விழுங்கினேன். பெற்ற தாய் கையில் வைப்பதை யாராவது என்னவென்று கேட்பார்களா?

மறுதேர்வு முடிவு வந்த அன்று அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பாஸ் போட்டுவிடு என்று கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போயிருந்தது. ‘ஆத்தா, நான் ஏன் இப்படி இருக்கேன்? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். காரணத்த மட்டும் காட்டு. ஒனக்கு முளைப்பாரி எடுக்கேன்.’ இவ்வளவுதான் என் வேண்டுதல். இந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. மறந்துவிடுவேனோ என்று பயந்து நோட்டில் எழுதி வைத்தேன்.

அம்மா பிறந்த ஊர் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில். அங்கே காளியம்மனுக்குப் புரட்டாசியில் பொங்கல். கரிசலில் விதைப்பு தொடங்குகிற நேரம். அம்மா, நான், கவிதா மூவரும் போனோம். காப்புக் கட்டினேன். ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை. அன்று ராத்திரி வழக்கம்போல அம்மா மாத்திரையை நீட்டினாள். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

“விரதம் முடியட்டும்மா.”

“ஏட்டி, அத மட்டும் விடாத. அது... சத்துக்குல்லா.”

“சத்து வேண்டாம்னுதானம்மா விரதமே. ஆத்தாளுக்கு விரதம் இருக்கவளுக்குச் சத்து மாத்திரை எதுக்கு?”

அம்மா முகம் செத்துப்போனது. ஒரு வார்த்தை போதும். ‘இது சத்து மாத்திரை இல்லை’ என்று சொல்லியிருந்தால் நான் வாங்கி விழுங்கியிருப்பேன். அவள் சொல்லவில்லை. மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டாள். என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். “ஆத்தா பாத்துக்கிடுவா” என்றாள். ஆத்தாவின் தலையில் கட்டிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள்.

முளைப்பாரி வளர்க்கிற வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சன்னல் அடைத்த அறை. கரிசல் மண், வைக்கோல், எரு, தானியம். நாங்கள் எருவுக்கு ஆட்டுப் புழுக்கை வாங்கியது பேச்சியக்காவின் கிடையிலிருந்து. அவள் அந்த ஊரில் ஆடு வளர்க்கிறவள். அம்மாவைவிடப் பத்து வயது பெரியவள். கூடை கூடையாகக் கொண்டு வந்து வாசலில் தட்டுவாள். காப்புக் கட்டாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்பதால் வெளியே நின்றே என்னைப் பார்ப்பாள். ஒரு நாள் நான் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டேனாம். விரல்கள் தாவணி ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தனவாம். அவள் நான்கு முறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு எதுவும் தெரியாது. ஒன்பது நாளும் கும்மி கொட்டினோம். தூக்கம் குறைவு. பயிர் ஒரு முழம் வளர்ந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

கடைசி நாள் சாயங்காலம் ஊர்வலம். மேளச் சத்தம் நினைவிருக்கிறது. தலையில் பானை, அதிலிருந்து ஈர மண் வாடை. முன்னால் போனவளின் சேலை நிறம் கூட நினைவிருக்கிறது, ஊதா. அதற்கு அடுத்து என் நினைவில் இருப்பது வாயில் விபூதியின் கரகரப்பு. நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் நடந்ததைக் கவிதா சொல்லித்தான் எழுதுகிறேன். அவள் பொய் சொல்ல மாட்டாள். அன்றிலிருந்து அவள் ஒருத்தியை நம்புகிறேன்.

நான் ஒரு கத்துக் கத்திவிட்டு விழுந்திருக்கிறேன். பானை உடைந்துவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். “ஆத்தா வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!” மேளக்காரர்கள் இன்னும் ஓங்கி அடித்தார்கள். ஒருவர் சூடத்தட்டை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். ஒருத்தி என் மடங்கின கையைப் பிரித்து எலுமிச்சம்பழம் வைத்தாள். “வந்திருக்கது யாரு, சொல்லு தாயே” என்று கேட்டார்கள். மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று ஒரு அம்மாள் காலடியில் விழுந்து கேட்டாளாம். எனக்கு மூச்சு விட வழி இல்லை. அவளுக்கு வரன் வேண்டும்.

எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். பெற்றவள் தானே சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரியும். ஏழு வருடமாகத் தெரியும். அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

“தாயே, எம் புள்ள தாங்க மாட்டா. மலையேறிரு” என்றாள்.

இதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. என் அம்மா என்னைக் கும்பிட்டாள். வலிப்பு என்று சொல்வதற்குப் பதில் என்னைச் சாமி ஆக்கிவிட்டாள். சாமி வந்த பெண் என்றால் மரியாதை. வலிப்பு வந்த பெண் என்றால் அவமானம். அந்த நேரத்தில் அவள் மனதில் ஓடிய கணக்கு இதுதான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பேச்சியக்கா வந்தாள். குளித்துக்கூட இருக்க மாட்டாள், கிடையிலிருந்து நேராக ஊர்வலம் பார்க்க வந்தவள். சூடத்தட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்தாள். அதைப் பார்த்து, வலிப்புக்கு இரும்பு என்று யாரோ சாவிக் கொத்தை நீட்டியிருக்கிறார்கள். “ஒண்ணும் கையில குடுக்காதீங்க, வாயில தண்ணியும் ஊத்தாதீங்க. விலகுங்க, காத்து வரட்டும்” என்று கத்தினாளாம்.

“ஏ பேச்சி, ஆத்தா வந்திருக்க நேரத்துல என்ன பேசுத?” என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

“இது ஆத்தா இல்ல அண்ணாச்சி, வலிப்பு. எம் மவனுக்கு வந்து வந்து பாத்த கண்ணு இது. நாக்கக் கடிச்சு ரத்தம் வருது, பாவாட நனஞ்சு கெடக்கு, தெரியலையா? சாமியவும் நோயவும் போட்டுக் கொழப்பாதீங்க.” பிறகு என் அம்மா பக்கம் திரும்பினாள். “ஏட்டி, ஒனக்குத் தெரியும்லா? மாத்திர குடுக்கியா இல்லியா?”

கவிதாதான் அழுதுகொண்டே சொன்னாள். “அக்கா ஒம்பது நாளா மாத்திரை போடல.”

இந்த வார்த்தை என் காதில் விழுந்தது. அப்போதுதான் கண் திறந்தேன். தலை பாறை மாதிரி கனத்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் வந்தது.

“எந்த மாத்திரை?”

பேச்சியக்கா என் முகத்தைத் துடைத்தாள். “வலிப்பு மாத்திரைம்மா. ஒனக்கு வலிப்பு இருக்கு. பயப்படாத. எம் மவனுக்கும் இருக்கு. இப்ப லாரி செட்டுல வேல பாக்கான்” என்றாள். காய்ச்சல் என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

கோவில்பட்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். யார் யாருக்குத் தெரியும்? அப்பாவுக்குத் தெரியும். தாய்மாமாவுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுக் கவிதாவுக்குத் தெரியும், வெளியே சொன்னால் அக்காவுக்குக் கல்யாணம் நடக்காது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காதும் காதும் வைத்த மாதிரி என் வீட்டிலேயே என் வியாதியை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் எருமை என்றார். ‘பாவம், நோயால் அப்படி’ என்று ஒரு நாளாவது நினைத்திருக்க மாட்டாரா?

“பொம்பளப் புள்ள. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?” என்றார் அப்பா.

“எனக்குத் தெரிஞ்சா?”

“ஒனக்குத் தெரிஞ்சா நீ ஒடஞ்சிருவேன்னு...” அம்மா முடிக்கவில்லை. நான் ஏற்கெனவே உடைந்துதான் கிடந்தேன். முட்டாள் என்று நினைத்து உடைந்தேன். நோயாளி என்று தெரிந்து உடைந்திருந்தால் பாதிதான் வலித்திருக்கும்.

அதோடு போகவில்லை. டாக்டர் எழுதியது காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. காலை மாத்திரை போட்டால் வகுப்பில் தூங்கி விழுவேன், யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று அதை அம்மாவே நிறுத்தியிருக்கிறாள். எனக்கு விவரம் தெரிகிற வயது வந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போவதையும் நிறுத்திவிட்டாள். பழைய சீட்டைக் காட்டியே மாத்திரை வாங்கியிருக்கிறாள். நான் வளர்ந்தேன், மாத்திரை வளரவில்லை. படிக்கிற வயது முழுவதும் அரை மருந்தில் ஓடியிருக்கிறது.

ஆத்தாவிடமும் சண்டை போட்டேன். ‘நீயும் இவங்களோட கூட்டுதானா? உனக்கு விரதம் இருந்தவளை நடுத்தெருவில் தள்ளிவிட்டாயே’ என்று கேட்டேன். ஒரு மாதம் விளக்கு ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை பூஜைக்கும் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அம்மா உங்களிடம் சொன்னாள் அல்லவா? அது உண்மைதான், தவறுதலாகச் சொல்லிவிட்டாள்.

பேச்சியக்கா விடவில்லை. தன் மகன் பார்க்கிற டாக்டரின் விலாசத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். எங்கள் வாசலில் நின்று அப்பாவிடம், “நீங்க கூட்டிட்டுப் போறீகளா, இல்ல நான் கூட்டிட்டுப் போகட்டா?” என்று கேட்டாள். வேலைக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சட்டையை மாட்டினார்.

திருநெல்வேலியில் அந்த டாக்டரம்மா அப்பாவைப் பேச விடவில்லை. “நீ சொல்லும்மா” என்றார். என்ன சொல்வது? என் வியாதி எனக்குத் தெரிந்தே ஒரு மாதம்தான். வகுப்பில் வாக்கியம் அறுந்து போவதைச் சொன்னேன். படித்தது நிற்காததைச் சொன்னேன். சில காலை நாக்குப் புண்ணோடு எழுந்ததைச் சொன்னேன். தலையில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். பிறகு பொறுமையாக விளக்கினார். கீழே விழுந்து இழுப்பது மட்டும் வலிப்பு இல்லையாம். கண் திறந்திருக்க, உட்கார்ந்த இடத்திலேயே அரை நிமிடம் ஆள் இல்லாமல் போவதும் வலிப்புதானாம். எனக்கு அது ஒரே நாளில் பல முறை வந்திருக்கும் என்றார். நினைவைச் சேர்த்து வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் எனக்குக் கோளாறு. தூக்கத்தில் வந்தால் பகலில் படித்தது ஊன்றாது. வந்து போன பிறகும் சில மணி நேரம் மூளை களைத்துக் கிடக்கும்.

“நீ மறக்கலம்மா. நிறைய நேரம் அது உள்ள போகவே இல்ல. போகாதது எப்படி நிக்கும்? நீ முட்டாள் இல்ல” என்றார்.

அங்கேயே அழுதேன். ஏழு வருடத்தில் என்னிடம் அந்த மூன்று வார்த்தையை ஒருவரும் சொன்னதில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது என்ன? காரணத்தைக் காட்டு என்றுதானே? ஆத்தா காட்டிவிட்டாள். வீட்டுக்குள் காட்டியிருந்தால் இவர்கள் மறுபடி மூடியிருப்பார்கள். தெருவில், ஊர் பார்க்க, தன் ஊர்வலத்தை நிறுத்திக் காட்டினாள். அன்று ஆத்தா இறங்கியது உண்மை. ஆனால் இழுத்துக்கொண்டு கிடந்த என் மேல் இல்லை. ஆட்டுப் புழுக்கைக் கையோடு நின்று, ‘இது சாமி இல்லை’ என்று சொன்னவளின் நாக்கில் இறங்கினாள். அதுதான் அருள்வாக்கு. அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றினேன்.

மருந்தை மாற்றினார்கள். இரண்டு வேளையும் நானே எடுத்துப் போடுகிறேன். பெயரை எனக்குப் பார்க்காமல் எழுதத் தெரியும். டாக்டரம்மா சொன்னபடி பாடத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்தேன். டுடோரியலுக்குப் போகிற தோழி போனில் பதிந்து தருகிற வகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நன்றாகத் தூங்கினேன். அடுத்த பங்குனியில் பரீட்சை. பொருளியல் எழுதும்போது நடுவில் ஒருமுறை ஆள் இல்லாமல் போனேன். திரும்பி வந்தபோது பயப்படவில்லை. எது வந்து போனது என்று தெரியும். விட்ட வரியைக் கண்டுபிடித்து மேலே எழுதினேன். மீதி இருந்த இரண்டு பாடத்திலும் பாஸ். இப்போது தபால் வழியில் பட்டப்படிப்பு. நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை இன்னும் வருகிறது. சில பக்கங்கள் இன்னும் நிற்பதில்லை.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னைக்கு மட்டும் அதப் பேச வேண்டாம்” என்று கெஞ்சினாள். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தை, என் அம்மாவின் ஊர்ப்பக்கத்துக்காரி. “ஊர்வலத்துல சாமி வந்துச்சே, அந்தப் புள்ளையா? கையெடுத்துக் கும்பிடணும்” என்று எழுந்தேவிட்டாள். நல்ல மறைப்பு, தானாக வந்து வாசலில் நிற்கிறது. ஆமாம் என்றால் போதும். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசினாள்.

“சாமி இல்ல மதினி. வலிப்பு. பதினோரு வயசுல இருந்து இருக்கு. நான்தான் மறச்சேன்.”

அவர்கள் காபியைப் பாதி குடித்துவிட்டுப் போனார்கள். திரும்ப வரவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அம்மாவை மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். இல்லை. ஆனால் அன்று ராத்திரி அவள் சோறு போட்டபோது, பல மாதத்துக்குப் பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்காமாரே, உங்கள் வீட்டில் பராக்குப் பார்க்கிற பிள்ளை இருக்கிறதா? கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, படித்ததை எல்லாம் தொலைக்கிற பிள்ளை? திட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். நோய் இருந்தால் அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆத்தா அப்படிக் கேட்கிறவள் இல்லை. அவளிடம் பயப்படாமல் உண்மையைக் கேளுங்கள், கட்டாயம் தருவாள். அதை எடுத்துக்கொண்டு வருகிறவள் குளிக்காமல் வந்து நின்றாலும் வழி விடுங்கள்.